விழாக் குழுத் தலைவர்

— “இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: சூலூர் மூத்த குடிமக்கள் பேரவையின் எல்லைக்குள், இன்று காலை பத்தரை மணி முதற்கொண்டு, அறுபது வயதைக் கடந்த எவரும் வீட்டிலோ, வீதியிலோ, குளியலறையிலோ கீழே விழமாட்டார்கள். இது வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பு. எழுபத்தாறு வயதிலும் நிமிர்ந்த நடை தளராத இந்த வரதராஜுலு, விழாக் குழுத் தலைவர் என்ற முறையில்...”

— நல்லா இருக்குதுங்க. ஆனா ஏனுங்க தலைவரே, அதைய எதுக்குங்க தரையில மல்லாக்கப் படுத்துட்டுப் படிக்கறீங்க?

— படுக்கலை. ஓய்வு எடுக்கறேன். ஆரு அது, கருப்பாத்தாளா?

— நாந்தானுங்க. பத்தரைக்கு விழான்னா ஒம்போதரைக்கே வந்து நாற்காலியத் தொடைச்சுப் போடோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ஃபேன் ஓடலை, பாய் விரிக்கலை. மேடைக்குப் பின்னால சிமெண்டுத் தரையிலயா ஓய்வு?

— வெறுந்தரை முதுகுக்கு நல்லது. நீ போயி வேலையப் பாரு.

— சரிங்க. செருப்பு அக்கட்ட கெடக்குது, கண்ணாடி இக்கட்ட கெடக்குது. அதுகளுக்கும் ஓய்வு போல இருக்குதுங்க.

— கருப்பாத்தா.

— சொல்லுங்க.

— அந்தக் கதவைச் சாத்து.

— சாத்திட்டேனுங்க. எத்தனை நேரமா இப்படிக் கெடக்கறீங்க?

— ஒம்போதேகால்ல இருந்து. நாற்காலிய உட்டு எந்திரிச்சேன். அந்த பேனர்ல என்ற போட்டோ சித்த சாஞ்சாப்ல தெரிஞ்சுது. பாக்கலாம்னு தலையத் திருப்புனேன். அவ்வளவுதான். காலு திரும்பலை, நானு மட்டும் திரும்பிட்டேன்.

— போட்டோ நேராத்தானுங்க இருக்குது.

— அதுவா இப்ப முக்கியம்? பேனரே தப்பு. ‘விழாமை விழா’ன்னு அச்சடிக்கச் சொன்னேன். ஒரே சொல்லு ரெண்டு தடவை வந்திருச்சுன்னு அச்சாபீஸ்ல இருக்கற அறிவாளி ஒண்ணை எடுத்துப்போட்டான். வெறும் ‘விழா’ன்னு நிக்குது.

— எதுக்கு விழான்னு இப்பப் பாத்தா எனக்கே தெரியலீங்க.

— வாட்ச்மேன் பூ வாங்கப் போயிருக்கான். அவன் வாரதுக்குள்ள கையக் குடு. தூக்கி உடு.

— மாட்டேனுங்க.

— என்னது?

— தூக்க மாட்டேனுங்க. எனக்கு எழுபத்தொண்ணு. இடுப்புல கம்பி வெச்சிருக்குது. நீங்க எண்பது கிலோ இருப்பீங்க. நானு புடிச்சு இழுத்தா ரெண்டு பேரும் ஒண்ணாக் கெடப்போம். வர்றவங்க ரெண்டு மாலையாக் கொண்டாரோணும்.

— அப்ப வாட்ச்மேன் வரட்டும்.

— போன் பண்ணிச் சீக்கிரம் வரச் சொல்லட்டுங்களா?

— வேண்டாம்! அவன் வாய் இருக்குதே, மத்தியானத்துக்குள்ள பக்கத்தூரு கலங்கல் வரைக்கும் சேதி போயிரும்.

— சேதி கெடக்குதுங்க. தலையில அடி பட்டுதுங்களா?

— இல்லை. பின்பக்கந்தான்.

— கால் வெரலை ஆட்டுங்க. அந்தக் காலு. மொளங்கால மடக்குங்க. இடுப்புல சுருக்குன்னுதுங்களா?

— மானந்தான் சுருக்குங்குது.

— அதுக்கு எக்ஸ்ரே இல்லீங்க. இடுப்புல வலி இருந்தா உங்களைக் கேக்காமயே ஆம்புலன்சக் கூப்பிட்டிருப்பேன். தலையில அடி பட்டிருந்தாலும் அதேதான். இப்ப ஒண்ணும் ஒடையலை. நீங்களே எந்திரிச்சுக்கலாம்.

— நானே எந்திரிக்க முடிஞ்சா, உன்ற செருப்புச் சத்தம் கேட்டதும் எதுக்கு இந்த அறிக்கைய எடுத்துப் படிக்கறேன்? கெடக்கறவன்னு நெனைக்காம, ஒத்திகை பாக்கறான்னு நெனைக்கட்டும்னுதானே!

— போனு அடிக்குதுங்க. மேசை மேல.

— ஆருன்னு பாரு.

— கிருபாசங்கர்னு வருதுங்க. உங்க பையன்.

— எடுக்காதே. ...இல்லை, எடு. எடுக்காட்டி இன்னும் வேகமா வருவான். விழுந்தது மட்டும் அவன் காதுக்குப் போகக்கூடாது, கருப்பாத்தா. போன வருசம் விழுந்தப்பவே பேசி முடிச்சது. இன்னொருக்கா விழுந்தேன்னா ஊட்டைப் பூட்டிச் சாவிய அவங்கிட்டக் குடுத்துப்போட்டு, கோவைப்புதூர்ல ஒம்போதாவது மாடி ஃப்ளாட்டுக்குப் போயிரோணும். நானே தலையாட்டுனது. என்ற ஊட்டுல நானு இருக்கறதும் இல்லாததும் இப்ப உன்ற வாயில இருக்குது.

— அலோ. சொல்லுங்க தம்பி.

— ஹலோ, யாருங்க? அப்பா போனாச்சே இது?

— கருப்பாத்தாளுங்க. விழாவுக்கு வந்தவ. ஐயா கீழ இருக்காருங்க.

— கீழன்னா?

— மேடையில இன்னும் ஏறலீங்க.

— ஓகே ஓகே. நான் சிங்காநல்லூர் சிக்னல்ல நிக்கறேன், ட்வென்டி மினிட்ஸ்ல வந்துடுவேன். அப்பா எப்படி இருக்காரு? ஸ்டெடியா இருக்காரா?

— ஆடாம அசையாம இருக்காருங்க.

— குட். அதான் வேணும். அங்க இங்க நடக்க விடாதீங்க. படி ஏற வேண்டாம். ஒரே எடத்துல இருக்கச் சொல்லுங்க.

— அதைத்தானுங்க பண்ணிட்டு இருக்காரு.

— தேங்க்ஸ்ங்க. வந்துட்டே இருக்கேன்.

— வெச்சுட்டாருங்க.

— பரவால்லை, நல்லாத்தான் பொய் சொல்றே.

— ஒண்ணுகூடச் சொல்லலீங்க. இருவது நிமிசம் இருக்குது. ஒருக்களிச்சுப் படுங்க மொதல்ல. அந்தக் கைய இந்தப் பக்கம் கொண்டாங்க, மொளங்கால மடக்குங்க. அப்படியே உருளுங்க. போதும். அவசரம் இல்லை, சித்த மூச்சு வாங்கிக்கங்க.

— இதெல்லாம் உனக்கு ஆரு சொல்லிக்குடுத்தாங்க? அந்த ஃபிசியோதெரபி புள்ளையா?

— சண்முகப்ரியாதானுங்க. ஆனா ஆரம்பிச்சது உங்க விழாக் குழுவுல.

— என்ற விழாக் குழுவுலயா?

— போன ஆடியில, பேரவை போர்டுல எழுதிப் போட்டிருந்தீங்க. ‘விழாக் குழுக் கூட்டம், மூத்தோர் அனைவரும் வருக’ன்னு. நானு அதுக்கு எட்டு மாசம் முந்தி கக்கூஸ் வாசல்ல விழுந்தவ. விழாக் குழுன்னா விழாத குழுன்னு நெனச்சுப்போட்டேனுங்க. விழாம இருக்கறதுக்கு வழி சொல்லுவாங்கன்னு, செவுத்தப் புடிச்சு, கம்பத்தப் புடிச்சு, ஆறு வீதி தாண்டி முக்கா மணி நேரம் நடந்து வந்தேன்.

— அன்னைக்கு... ஆமா. கடைசி வரிசையில உக்காந்திருந்தே.

— ஆண்டு விழாவுல மொத மாலை ஆருக்குப் போடறதுன்னு ரெண்டு மணி நேரம் பேசுனீங்க. முடியற சமயத்துல நானு எந்திரிச்சு, ‘ஏனுங்க, விழாம இருக்கறதுக்கு என்னங்க பண்ணோணும்’னு கேட்டேன். கூட்டம் முச்சூடும் சிரிச்சுது. நீங்க மைக்குல சிரிச்சீங்க.

— மைக்கு கையில இருந்துச்சு.

— இருந்துச்சுங்க. மொளங்கால் வலி முகாம் போடறதுக்கு எடம் கேக்க வந்திருந்த சண்முகப்ரியா மட்டும் சிரிக்கலை. வாசலுக்கு வந்து என்ற கையப் புடிச்சு, போத்தனூர்ல இதுக்குன்னே வகுப்பு நடத்தறேன், வாங்க அம்மான்னுச்சு. பன்னண்டு வாரம் ரெண்டு பஸ் மாறிப் போனேன். அதைய நம்மூருக்குக் கொண்டாரச் சொல்லி அந்தப் புள்ளைதான் உங்ககிட்ட நாலு நடை நடந்துச்சு.

— இன்னைக்குத் தொறக்கற இந்த வகுப்புத் திட்டம் என் சிந்தையில் உதித்ததுன்னு உரையில எழுதியிருக்கேன்.

— எழுதியிருப்பீங்க. அழைப்பிதழ்லகூட செயல் விளக்கம்னு போட்டு, என்ற பேரு ‘மற்றும் பலர்’ல இருக்குதுங்க.

— எடம் பத்தலை.

— சரிங்க. மொளங்கையில ஊனி எந்திரிங்க. இப்ப ரெண்டு கையும் தரையில. மண்டி போடுங்க. அப்படியே அந்த மர பெஞ்சு வரைக்கும் தவுந்து வாங்க.

— தவழறதா?

— ஆமாங்க.

— பக்கத்துல நாற்காலி இருக்குதே.

— பிளாஸ்டிக் ஆகாதுங்க, கை வெச்சதும் நழுவிரும். பெஞ்சு அசையாது. ஆறடிதானுங்க.

— ஆறடின்னாலும் தவழறது தவழறதுதானே. உன்ற முன்னாலயா? கருப்பாத்தா, நானு ஆருன்னு மறந்துபோச்சா? சோமனூர்ல முப்பத்தாறு தறி ஓட்டுனவன்!

— மறக்குமுங்களா? அதுல நாலு தறிய ஓட்டுனவ நாந்தானே. தறிக்கு அடியில பஞ்சு அடைஞ்சுதுன்னா, மண்டி போட்டுத் தவுந்து உள்ள போயிக் கூட்டியாருவேன். நீங்க பக்கத்துல நின்னுட்டு ‘இன்னும் உள்ள போ, இன்னும் உள்ள போ’ம்பீங்க. ஆரு முன்னாலன்னு அன்னைக்கு ஆரும் கேக்கலீங்க.

— இப்ப எதுக்கு அதைய எடுக்கறே?

— குத்திக்காட்டறதுக்குச் சொல்லலீங்க. பத்தொம்போது வருசம் தவுந்திருக்கேன். ஒண்ணும் கொறைஞ்சு போயிரலைன்னு சொல்ல வந்தேன்.

— கைய எங்க வெக்கோணும்?

— தோளுக்கு நேரா வெய்யுங்க. வேட்டி மொளங்காலுக்கு அடியில சிக்குது, இழுத்துச் செருகிக்கங்க. வாங்க. இன்னும் வாங்க. ஏனுங்க, நின்னுட்டீங்க?

— மறுக்கா விழுந்துட்டேன்னா?

— இப்ப இருக்கற எடத்துல இருந்து விழறதுக்கு எடமே இல்லீங்க.

— சிரிக்காதே.

— சிரிக்கலீங்க. நானும் மொத நாள் அதையத்தான் கேட்டேன்.

— உனக்குச் சொன்னா என்ன. ரெண்டு வருசமா நானு குளிக்கறது பால்காரன் மணியடிச்சதுக்கு அப்பறந்தான். விழுந்து கத்துனா வீதியில ஒருத்தனுக்காச்சும் கேக்கோணுமே. தாப்பாப் போடறதில்லை. நடு ஊட்டுல நடக்கறதில்லை, செவுத்தோரமாவேதான். மாடிக்குப் போயி எத்தனை காலமோ ஆச்சு. ஊட்டை உட்டு வரமாட்டேன்னு பையங்கிட்டச் சண்டை கட்டறேன். ஊட்டுல எனக்குன்னு மிச்சம் இருக்கறது ரெண்டு நாற்காலியும் ஒரு கட்டலுந்தான்.

— எனக்கும் அதேதானுங்க. எலும்பு மூணு மாசத்துல ஒட்டிக்கிச்சு. மருமவ நல்லவ. எந்திரிக்காதீங்க அத்தை, எந்திரிக்காதீங்க அத்தைன்னு எல்லாத்தையும் கட்டலுக்குக் கொண்டாந்து குடுத்தா. காலு ரெண்டும் வாழைத்தண்டாட்டம் ஆகிப்போச்சு. அந்த எட்டு மாசத்துல நானு ஒருக்காக்கூட விழலீங்க. நடந்தாத்தானே விழறதுக்கு.

— அப்ப வகுப்புல என்னதான் பண்ணச் சொன்னாங்க?

— மொத நாளு தரையில படுக்கச் சொல்லுச்சு அந்தப் புள்ளை. அப்பறம் எந்திரிக்கச் சொல்லுச்சு. அன்னைக்கு முச்சூடும் அது ஒண்ணுதான். நாங்க பதினோரு பேரு. ஒரு அம்மா, எந்திரிச்சதும் அழுதுபோட்டாங்க. அதுக்கப்பறந்தான் நிக்கறது, நடக்கறது, திரும்பறது எல்லாம். இப்பவும் டீ கொதிக்கற வரைக்கும் அடுப்பு மேடையப் புடிச்சுட்டு ஒத்தைக்கால்ல நிப்பேன். திரும்பறதுன்னா தலைய மட்டும் திருப்பறதில்லை, காலையும் கூட்டிட்டுத்தான் திரும்பறது.

— போட்டோ பாக்கறதுன்னாலும்?

— ஆரு போட்டோன்னாலுங்க. இப்ப வரலாங்களா?

— வரலாம்.

— அப்ப வாங்க. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். ரெண்டு கையும் பெஞ்சு மேல வெய்யுங்க. பலமான காலு எது?

— வலது.

— அதைய முன்னால கொண்டாந்து பாதத்தை ஊனுங்க. கையி அமுக்கோணும், காலு தள்ளோணும். எகிறக்கூடாது. மெதுவா, மெதுவாங்க. இப்படித் திரும்பி உக்காருங்க. ஒடனே எந்திரிக்காதீங்க, தலை சுத்தும்.

— உக்காந்துட்டேனுங்க.

— ஆருக்குங்க அந்த ‘ங்க’?

— வாய் தவறி வந்திருச்சு.

— இருக்கட்டுங்க. கண்ணாடியப் போடுங்க. செருப்பு இந்தாங்க. இப்ப எந்திரிச்சு செவுத்தத் தொடாம அந்த ஜன்னல் வரைக்கும் போயிட்டு வாங்க.

— பாரு. பாத்தியா? ஆரும் புடிக்கலை. எழுபத்தாறு வயசுல நானே எந்திரிச்சு நடக்கறேன். குறிச்சுக்க, இதைய உரையில மொத வாக்கியமாச் சேக்கறேன்.

— சேத்துக்கங்க. இன்னும் எட்டு நிமிசம் இருக்குது. இன்னொருக்காப் படுங்க.

— என்னது?

— தரையில படுங்க.

— உனக்குக் கிறுக்கா? இத்தனை பாடு பட்டு எந்திரிச்சது படுக்கறதுக்கா?

— இப்ப எந்திரிச்சது நானு சொல்லச் சொல்ல. நாளைக்கு ஊட்டுல விழுந்தா நானு வந்து பக்கத்துல நிப்பனுங்களா? இந்தத் தடவை வாயே தொறக்க மாட்டேன். நீங்களாப் படுத்து நீங்களா எந்திரிங்க.

— வேட்டி அழுக்காயிரும்.

— ஏற்கெனவே ஆனதுதானுங்க.

— படுக்கறது எப்படி? எனக்கு விழத்தான் தெரியும்.

— வந்த வழியே திரும்பிப் போங்க. பெஞ்சப் புடிச்சு ஒரு மொளங்கால், அப்பறம் இன்னொண்ணு. அப்பறம் கையி. பக்கவாட்டுல சாஞ்சுக்கங்க. இதோட நானு பேச மாட்டேன்.

— ஒண்ணு... ரெண்டு... கையி... இந்தா, படுத்துட்டேன். மேல ஒட்டடை தொங்குது பாரு. திறப்பு விழா நடக்கற எடமா இது? வாட்ச்மேன் வரட்டும், சொல்றேன்.

— அப்பா! அப்பா, என்னாச்சு?

— கிருபா...

— விழுந்துட்டீங்களா? மை காட். தலையில அடியா? அசையாதீங்க, நான் தூக்கறேன்.

— தம்பி, தொடாதீங்க.

— என்னங்க சொல்றீங்க? அப்பா கீழ கெடக்கறாரு!

— தெரியுதுங்க. சித்த அக்கட்ட நில்லுங்க.

— கிருபா, நில்லு. நானாத்தான் படுத்தேன்.

— போதும்ப்பா. போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. பாத்ரூம் வாசல்ல கெடந்துட்டு, காத்து வாங்கறேன்னு சொன்னீங்க. எத்தனை நாளைக்கு இப்படி? ராத்திரி ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் எனக்கு உயிரே போகுது. லிசன், ஃபங்ஷன் முடிஞ்சதும் வீட்டுக்குப் போறோம், டிரஸ்ஸ எடுக்கறோம், கெளம்பறோம்.

— கெளம்பலாம். மொதல்ல பாரு. ஒருக்களிச்சாச்சு. மொளங்கை... கையி... மண்டி.

— அப்பா, ப்ளீஸ். ஆளுங்க வர்ற எடத்துல இப்படித் தவழணுமா?

— ஆறடிதான்டா.

— ஏங்க, நீங்களாவது சொல்லுங்களேன்.

— நானு வாயத் தொறக்கறதில்லைன்னு சொல்லிப்போட்டேனுங்க தம்பி.

— பேச்சுக் குடுக்காதே, எண்ணம் செதறுது. வலது காலு... ஊனி... கையி அமுக்கி... திரும்பி. உக்காந்தாச்சு. சித்த இரு. மூச்சு. இந்தா. நிக்கறேன்.

— ஒரு நிமிஷம்ப்பா. இது... என்ன இது? பிராக்டிஸா?

— பயிற்சிதானுங்க தம்பி. கீழ போயி எந்திரிக்கறது. மேடையில செஞ்சு காட்டறதும் இதுதான்.

— ஓ காட். டெமோவா! நான் வேற... சாரிப்பா. சாரிங்க. கதவத் தொறந்ததும் கீழ பாத்தேனா, மூளையே ஓடலை. யாரும் புடிக்காம எந்திரிச்சீங்கப்பா. நான் இப்படிப் பண்ணுனா எனக்கே மூச்சு வாங்கும்.

— வாங்கும். மெதுவாப் பண்ணோணும்.

— சரி. நான் ஒண்ணு சொல்லிடறேன். ஃப்ளாட் பேச்சு இனிமே இல்லை. வீடு, சாவி எல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். இத்தனை தெம்பா இருக்கற மனுஷனை ஒம்போதாவது மாடியில கொண்டுபோய் அடைக்கப் பாத்தேன். தப்பு என் மேலதான்.

— தலைவரே, ஆளுங்க வந்துட்டாங்க. மைக்கும் கட்டியாச்சு. போலாங்களா?

— இரு கருப்பாத்தா. ...சித்த இருங்க.

— போங்கப்பா. போய்ப் பேசுங்க. மேடையில தாராளமாச் சொல்லுங்க, எங்கப்பான்னு நானும் சொல்லிக்கறேன். போன வருஷம் விழுந்தது ஒண்ணு, அதுவும் பாத்ரூம் ஈரத்துல. அதுக்கு முன்னாலயும் இல்லை, பின்னாலயும் இல்லை. அப்படித்தானேப்பா?

— இன்னையோட அஞ்சு.